காசும் கலமும்: காவிரிப் படுகையின் தலைநகரங்கள்

நாட்டின் பெயர், தலைநகர், நாணயம் என மூன்று நிரல் வரைந்து மனப்பாடம் செய்வது பள்ளிக்கூடத்துப் பழக்கம். அப்பட்டியலைக் கற்றவர்க்கு நாடும் நகரும் காசும் என்றும் மாறாதவை போலத் தோன்றும். காவிரிப் படுகைக்கு அப்படியொரு பட்டியல் எழுதப் புகுந்தால் ஏடு போதாது. 1750-ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடியிலிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தவன் நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று அயல்நாட்டுக் கொடிகளைக் கண்டிருப்பான். தரங்கம்பாடிக் கோட்டையில் டென்மார்க்கின் கொடி, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி, நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கொடி. உள்நாட்டில் தஞ்சாவூர் அரண்மனையில் மராட்டிய மன்னர் ஆட்சி. டேனியர் இந்தியாவில் கொண்டிருந்த இடங்களுக்குத் தரங்கம்பாடி தலைநகர். ஒல்லாந்தரின் சோழமண்டலக் கரை வணிகத்துக்கு நாகப்பட்டினம் தலைமையிடம். காரைக்கால் புதுச்சேரிக்கு உட்பட்டது. தஞ்சாவூரோ தனக்குத்தானே தலைநகர். நான்கு ஆட்சி, நான்கு வகைக் காசு. சந்தையில் கத்தரிக்காய் வாங்குவோரும் துறைமுகத்தில் துணி விற்போரும் இந்தக் காசுகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டே வாழ்ந்தனர்.

அந்த ஒப்பீடு எதன்மேல் நின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காசின் மேல் பொறித்த மன்னன் உருவமும் கொடியும் இலச்சினையும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றுக்குப் பின்னால் நிற்பது அளவை. எடை, கொள்ளளவு, மாற்று ஆகிய மூன்றையும் தவறாமல் காத்துக் கொடுத்த நகரமே தலைநகராக நிலைத்தது என்று சோழநாட்டின் ஆயிரமாண்டு வரலாற்றைப் பார்க்கும்போது உறுதியாகச் சொல்லலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைச் சிற்பம் பற்றியும் போர் பற்றியும் அறிவதற்காகப் படிப்போர் பலர். அவற்றை அளவையியல் நூலாகப் படிப்போர் சிலரே. அக்கோயிலுக்கு வந்த பொன் முழுவதும் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் பதித்த நகைகளை நிறுக்கத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் வேறொரு கல் இருந்தது. நெல் அளக்கும் மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். அது அரசு அளவான 'இராசகேசரி'யோடு ஒத்தது என்று கல்வெட்டு வெளிப்படையாகக் கூறுகிறது. எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் இறைவன் பெயரைச் சூட்டியதில் பத்தி மட்டும் இருப்பதாக நான் கருதவில்லை. அளவில் கை வைப்பவன் இறைவனுக்கே பிழை செய்கிறான் என்ற அச்சமும், எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதைப் பின்னாளில் எவரும் மறுக்க முடியாதபடி எழுதி வைக்கும் முறையும் அதில் இணைந்திருக்கின்றன. இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் எந்தக் கருவியால் அளந்தோம் என்று குறிப்பெழுதுகிறோம். அந்த ஒழுங்கு 1010-ஆம் ஆண்டிலேயே கருங்கல்லில் ஏறிவிட்டது.

எடையின் அடிப்படை விதைகள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றிமணி வேலியோரத்துக் கொடியில் காய்ப்பது; செந்நிற விதையின் ஓரத்தில் கருநிறப் பொட்டு இருக்கும். மஞ்சாடி முழுச்சிவப்பு, பளபளப்பானது, மரத்தில் காய்ப்பது. முற்றிக் காய்ந்த குன்றிமணி ஏறத்தாழ ஒரு கிராமில் எட்டிலொரு பங்கு நிற்கும். மஞ்சாடி ஏறத்தாழ நாலிலொரு பங்கு. இரண்டுக்கும் விதையுறை கடினமானது. காற்றின் ஈரத்தை எளிதில் வாங்காது. ஆண்டுக்கணக்கில் எடை மாறாது. எடைக்கல்லாக இவ்விதைகளைத் தேர்ந்தவர் கண்மூடித் தேரவில்லை. ஒரு விதை சற்றுப் பெரிதாகவும் இன்னொன்று சற்றுச் சிறிதாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் இருபது விதைகளைச் சேர்த்து நிறுக்கும்போது மிகுதியும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். புள்ளியியல் விதிப்படி இருபது விதைகளின் சராசரியில் உள்ள தடுமாற்றம் தனி விதையின் தடுமாற்றத்தில் நாலரையில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பொற்கொல்லர் இவ்விதியின் பெயரை அறியாமலே அதன் பயனை அறிந்திருந்தனர். இவ்விதைகளின் எடைப்படி ஒரு கழஞ்சு ஏறத்தாழ ஐந்து கிராம் ஆகும்.

பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்காக இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் ஒரு செப்புக்குடத்தைக் கொடுத்தான். குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொற்றகட்டின் நிறை 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழப் பதினைந்து கிலோ பொன்னை எழுதும்போது இரண்டரைக் கிராமை விட்டுவிட எழுத்தருக்கு மனம் வரவில்லை. பொன்னின் அடர்த்தி நீரைப்போல் 19.3 மடங்கு. ஆகையால் அத்தனை பொன்னும் உருக்கினால் முக்கால் லிட்டர் கொள்ளும் கலத்தில் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய உருவில் இவ்வளவு மதிப்பைச் சுருக்கித் தரும் பொருள்கள் மிகச் சிலவே. கடல் கடந்து படை நடத்திய அரசுக்குப் பொன் தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. பொன்னின் தூய்மையும் தெரிய வேண்டும். அதற்குத் 'தண்டவாணி' என்னும் ஒப்பளவு இருந்தது. கோயிலுக்கு வந்த பொன் தண்டவாணியைவிட எத்தனை மாற்று தாழ்ந்தது, எத்தனை மாற்று உயர்ந்தது என்று கல்வெட்டுகள் பிரித்தெழுதுகின்றன. உரைகல் கருநிறமான, நேர்த்தியான நுண்மணிக் கல். அதில் பொன்னைத் தேய்த்தால் மெல்லிய கோடு விழும். தூய்மை அறிந்த பொன்னால் செய்த ஆணியை அதன் பக்கத்தில் தேய்த்து இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிடுவர். செம்பு கலந்தால் கோடு சிவக்கும். வெள்ளி கலந்தால் வெளிறிப் பச்சை தட்டும். பொருளைச் சிதைக்காமல், மயிரிழையளவு பொன்னை மட்டும் செலவிட்டு, கலப்பை அறியும் இம்முறை இன்றும் அடகுக்கடைகளில் உயிரோடு இருக்கிறது. காசின் முகத்தில் புலி இருந்தாலும் வராகம் இருந்தாலும் உரைகல்லுக்கு அது பொருட்டில்லை.

இனி நெல்லுக்கு வருவோம். சோழநாட்டின் உண்மையான நாணயம் நெல்தான் என்பது என் துணிபு. அதை நாட்டத் தஞ்சைக் கல்வெட்டுகளே போதும். கோயிலுக்குச் சேர்ந்த பணத்தைப் படுகையின் ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்தனர். வட்டிக்குக் கல்வெட்டில் பொலிசை என்று பெயர். சில சபைகள் வட்டியைக் காசாகக் கட்டின. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டிலொரு பங்கு. வேறு சில சபைகள் வட்டியை நெல்லாக அளந்தன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி. இவ்விரண்டையும் இணைப்பது விலை. அக்காலத்தில் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல் என்பது தஞ்சையில் வழங்கிய விகிதம். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. எனவே இரண்டு கலம் இருபத்துநான்கு குறுணி. அதில் எட்டிலொரு பங்கு மூன்று குறுணி. காசில் கட்டினாலும் நெல்லில் அளந்தாலும் வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டரை! இரு கணக்கும் அணுவளவும் பிசகாமல் பொருந்துகின்றன. நாணய மாற்று விகிதம் என்று இன்றைய வங்கிகள் நாள்தோறும் பலகையில் எழுதுவது எதுவோ, அதுவே அங்குக் கல்லில் நிற்கிறது. ஒரு நாணயம் பொன், இன்னொரு நாணயம் நெல்.

அந்த நெல்லை எங்கே அளக்க வேண்டும் என்பதும் கூறப்பட்டிருக்கிறது. ஊரிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து, கோயிலின் பண்டாரத்தில், ஆடவல்லான் மரக்காலால் அளக்க வேண்டும். ஊரின் மரக்கால் ஊரோடு நின்றது. தலைநகரின் மரக்கால்தான் கடனைத் தீர்த்தது. தஞ்சாவூர் எதனால் தலைநகர் என்று ஒரு மாணவன் கேட்டால் அரண்மனையையும் படையையும் சொல்வதற்கு முன் இந்த மரக்காலைச் சொல்வேன்.

நெல்லைக் கொள்ளளவால் அளப்பதில் சிக்கல்கள் உண்டு. மரக்காலில் நெல்லைப் பொலபொலவென்று கொட்டினால் மணிகளுக்கிடையே வெற்றிடம் மிகும். தட்டித் தட்டி அளந்தால் அதே மரக்கால் கூடுதல் நெல்லை விழுங்கும். குவித்து அளப்பது ஒன்று, கோலால் தலைவழித்து அளப்பது ஒன்று. ஒரே அளவுக் கருவியை வைத்துக்கொண்டு வாங்கும்போது ஒருவிதமாகவும் கொடுக்கும்போது வேறுவிதமாகவும் அளக்கலாம். களத்துமேட்டில் அப்படி ஏமாந்த உழவர் எக்காலத்திலும் இருந்தனர். ஆகவே அளவுக் கருவிக்குப் பெயரிட்டு, அதை இன்னோர் அரசு அளவோடு ஒப்பிட்டு, அளக்கும் இடத்தையும் குறித்தார்கள். கொள்ளளவுக்கு ஒரு நற்பண்பும் உண்டு. நெல் சற்று ஈரமாக இருந்தாலும் அதன் பருமன் மிகுதியாக மாறாது; எடையோ உடனே கூடிவிடும். இதைப் பற்றிப் பின்னர் பேசுவேன்.

கோயிலில் பணிசெய்ய நாடெங்குமிருந்து அழைத்துவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தலைநகரின் நடுவே, பேரரசன் கட்டிய பெருங்கோயிலில், சம்பளம் நெல்லாகவே கொடுக்கப்பட்டது. காசுக் கணக்கில் அது ஐம்பது காசு. அயல்நாட்டு மன்னனின் அறக்கொடையும் நெல்லால்தான் ஓடியது. கடல் கடந்த சிரீவிசய அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என வழங்கும் ஏடு அவ்வூரின் பரப்பை 97 வேலியும் சிறிதும் என்றும், வருவாயை 8943 கலமும் சிறிதும் என்றும் கூறுகிறது. வகுத்துப் பார்த்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம். தஞ்சைக் கல்வெட்டுகளில் காணும் வேலிக்கு நூறு கலம் என்னும் பொதுவான வருவாய்க்கு இது மிக அருகில் இருக்கிறது. வெவ்வேறு ஊர்களைப் பற்றிய இரு ஆவணங்கள் இவ்வளவு ஒத்துப்போவது ஒரே அளவை நாடெங்கும் செல்லுபடியானதற்குச் சான்று.

இராசராசன் 1001-ஆம் ஆண்டளவில் நிலத்தை அளப்பித்தான். அதில் ஒரு வேலியின் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரை அளந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். பெருமைக்குரியதுதான், ஆனால் எதற்காகப் பெருமைப்பட வேண்டும் என்பதைத் தெளிந்து கொள்ள வேண்டும். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் முனையளவு நிலத்தை எந்தக் கோலாலும் எவரும் அளந்திருக்க முடியாது. அந்த எண் 320-ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கியதற்குச் சமம். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதற்குக் கீழே மீண்டும் முந்நூற்றிருபதாகப் பகுத்துப் பகுத்துச் செல்லும் தமிழ்ப் பின்னக் கணிதத்தின் விளைவே அது. நிலத்தில் கோல் நின்ற இடத்தைத் தாண்டியும் கணக்கர் தம் ஏட்டில் மிச்சத்தை விடாமல் கொண்டு சென்றிருக்கிறார்கள். அளவீட்டின் நுண்மை வேறு, கணக்கின் நுண்மை வேறு. சோழர் கணக்கர் காட்டியது பின்னது. அது குறைந்த பெருமையன்று. வரிப்பங்கில் ஒரு துளியும் காணாமற் போகக்கூடாது என்று கருதிய ஆட்சி அது.

தலைநகர்கள் எங்கே அமைந்தன என்பதிலும் நெல் இருக்கிறது. முற்காலச் சோழர்க்கு உறையூர். பின்னர் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் முத்தரையரிடமிருந்து தஞ்சாவூரைக் கைப்பற்றினான். கும்பகோணத்தை அடுத்த பழையாறையும் சோழரின் அரண்மனை நகராக விளங்கியது. தஞ்சாவூர் காவிரிப் படுகையின் தென்மேற்கு விளிம்பில், வல்லத்துச் செம்மண் மேட்டு நிலம் வண்டல் நிலத்தோடு சந்திக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. மேட்டில் நின்றால் வெள்ளம் எட்டாது, இறங்கினால் நெல்வயல். நெல்லை நாணயமாகக் கொண்ட அரசுக்கு இதைவிடப் பொருத்தமான இருக்கை இல்லை. ஆனால் நெல் கனமானது. வண்டியில் ஏற்றிய நெல்லை இழுக்கும் மாடும் தின்ன வேண்டும். தொலைவு கூடக்கூடச் சுமையின் மதிப்பை வழிச்செலவு விழுங்கிவிடும். எனவே நெல்லாட்சியின் எல்லை மாட்டுவண்டியின் எல்லையே. வேங்கியும் ஈழமும் கடாரமும் நோக்கியவர்க்கு உலோகக்காசு இன்றியமையாதது. இராசேந்திரன் கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பி, சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டித் தலைநகரை அங்கு மாற்றினான். வடக்கே செல்லும் வழி அவனுக்கு அருகாயிற்று. அந்நகர் 1279-இல் சோழர் ஆட்சி முடியும் வரை தலைநகராக இருந்தது. தஞ்சாவூரோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையால் எரியுண்டது.

சோழரின் காசு சோழரைவிட நெடுநாள் வாழ்ந்தது. இராசராசன் வெளியிட்ட செப்புக்காசின் ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவமும் அதன் கையருகே நாகரி எழுத்தில் அவன் பெயரும். படுகையின் வயல்களிலும் ஈழத்திலும் இக்காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 993-இல் ஈழத்தின் மீது படையெடுத்த இராசராசன் அனுராதபுரத்தை அழித்தான். சோழரின் ஈழத் தலைநகராகப் பொலன்னறுவை எழுந்தது. அதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070-இல் விசயபாகு சோழரை வெளியேற்றினான். வெளியேற்றியவன் தலைநகரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை, பொலன்னறுவையிலேயே இருந்தான். காசையும் விடவில்லை. அவனும் அவனுக்குப் பின் பராக்கிரமபாகுவும் நிசங்கமல்லனும் அரசி லீலாவதியும் அதே நின்ற உருவம், அமர்ந்த உருவம் என்னும் அமைப்பிலேயே காசு அடித்தனர். பெயர் மட்டும் மாறியது. மக்கள் கைக்குப் பழகிய எடையையும் உருவத்தையும் மாற்றினால் சந்தை ஏற்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பிற்காலத்தில் யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட 'சேது' என்று தமிழில் பொறித்த காசுகளிலும் நின்ற உருவம் தொடர்கிறது.

கிழக்கிலிருந்தும் காசு வந்தது. 1077-இல் குலோத்துங்கன் அனுப்பிய 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனப் பேரரசனிடமிருந்து 81,800 கோவை செப்புக்காசு பெற்றதாகச் சீன வரலாறு கூறுகிறது. நடுவில் சதுரத்துளையுள்ள அச்செப்புக்காசுகள் பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. நாகப்பட்டினத்துக் கல்வெட்டுகள் 'சீனக்கனகம்' என்று ஒருவகைப் பொன்னைக் குறிக்கின்றன. அயல்நாட்டுப் பொன்னாயினும் கழஞ்சால் நிறுத்த பின்பே கணக்கில் ஏறியது.

பதினேழாம் நூற்றாண்டில் கப்பல்கள் மேற்கிலிருந்து வந்தன. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்குத் தரங்கம்பாடியைக் குத்தகையாகக் கொடுத்தார். அவர் டென்மார்க்கு மன்னனுக்குப் பொன்னோலையில் எழுதிய மடல் கோபன்கேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. டேனியர் தரங்கம்பாடியில் முதலில் அடித்த சில்லறைக் காசுகள் ஈயத்தால் ஆனவை. ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். செம்புக்கு 1085 பாகை வேண்டும். பெரிய உலையும் தேர்ந்த கம்மியரும் இல்லாத, புதிதாக எழுந்த கோட்டைக்கு ஈயம் எளிது. ஆனால் எளிதில் வார்ப்பதை எளிதில் போலியாகவும் வார்க்கலாம். உப்புக்காற்றில் ஈயம் வெளுத்து உதிரும். பின்னர் அவர்கள் செம்புக்கு மாறினர். எண்பது காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய் என்பது அவர்கள் கணக்கு. காசு, பணம் என்னும் நம் பெயர்களையே தம் மொழியில் திரித்து வழங்கினர். டென்மார்க்கு மன்னனின் முடியெழுத்து ஒரு பக்கம் இருந்தாலும், எண்பதால் பெருக்கும் கணக்கு சோழமண்டலக் கரையின் கணக்கு. புதுச்சேரிப் பிரெஞ்சியர் தம் செப்புக்காசில் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே பொறித்தனர். ஆளவந்தவர் சந்தையின் மொழிக்கும் எண்ணுக்கும் பணிந்தே காசு அடித்தனர்.

ஒல்லாந்தர் 1690-இல் தம் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1781-இல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தனர். தஞ்சாவூரின் முறையும் விரைவில் வந்தது. 1799-இல் இரண்டாம் சரபோசி ஆட்சியை ஆங்கிலக் கும்பினியிடம் ஒப்படைத்தார். ஈடாக அவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் நாட்டின் நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கும் என்று உடன்படிக்கை. நட்சத்திர வராகன் சென்னையின் நாணயம். தஞ்சை மன்னரின் பேறு தஞ்சையின் சக்கரம் என்னும் காசில் எழுதப்படாமல் சென்னையின் வராகனில் எழுதப்பட்ட அன்றே தலைநகர் இடம்பெயர்ந்துவிட்டது என்பேன். அரண்மனையில் மன்னர் அதன் பிறகும் 1855 வரை இருந்தனர். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்ற அந்தக் கணக்கும் நீடிக்கவில்லை. 1818-இல் சென்னை மாகாணம் பொன் வராகனை விட்டு வெள்ளி ரூபாயை ஏற்றது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். 1835-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது, 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதன் எடையைக் கல்கத்தா முடிவு செய்தது. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சிராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். ஒரு காலத்துத் தலைநகரின் விலை, வாங்கியவனின் நாணயத்தில் எழுதப்பட்டது.

இந்தக் கதை உலகெங்கும் நிகழ்வதே. பிரேசில் 1960-இல் கடற்கரையை விட்டு உள்நாட்டில் பிரசீலியாவை எழுப்பியது. நைசீரியா 1991-இல் இலாகோசிலிருந்து அபுசாவுக்கு மாறியது. இலங்கையின் சட்டப்படியான தலைநகர் சயவர்த்தனபுரக் கோட்டை. வணிகத்தின் இதயம் கொழும்பு. நவுரு என்னும் தீவுநாட்டுக்குச் சட்டப்படியான தலைநகரே இல்லை. எக்குவடோர் 2000-இல் தன் நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலரை ஏற்றது. தலைநகர் கீட்டோவில், ஆனால் நாணயத்தின் கடிவாளம் வாசிங்டனில். இந்திய ரூபாயும் ஒருகாலத்தில் அப்படிப் பிறர் நாட்டில் ஆண்டது. வளைகுடாவின் குவைத்து, கத்தார், மசுக்கத்து ஆகிய இடங்களில் ரூபாய் வழங்கியது. 1959-இல் அவ்வட்டாரத்துக்கென்று தனி ரூபாய்த் தாளையே இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 1961-இல் குவைத்து தினாருக்கு மாறியது. ஏனைய நாடுகளும் அடுத்தடுத்து விலகின. கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் இன்று குவைத்துத் தினாருக்கும் சிங்கப்பூர் வெள்ளிக்கும் அன்றன்றைய விகிதம் கேட்போர் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் கேட்பது இரகுநாதர் காலத்துக் கடைக்காரர் கேட்ட அதே கேள்வி.

தஞ்சாவூர் இன்று ஒரு மாவட்டத்தின் தலைநகர். நெல்லுக்கு விலை தில்லியில் முடிவாகிறது. 2024–25 பருவத்தில் பொதுவகை நெல்லுக்கு நடுவணரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2300 ரூபாய். குறுவையும் சம்பாவும் தாளடியும் அறுத்த உழவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோச் சிப்பமாக நெல்லை நிறுத்துக் கொடுக்கிறார். மரக்கால் போய்த் தராசு வந்தது. தராசோடு ஈரப்பதமானியும் வந்தது. நூற்றுக்குப் பதினேழு பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை வாங்கமாட்டார்கள். காரணம் எளிய இயற்பியல். நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ நீர் இருந்தால் உலர்பொருள் எண்பது கிலோ. அதே எண்பது கிலோ உலர்பொருள் பதினேழு விழுக்காட்டு ஈரத்தில் 96.4 கிலோதான் நிற்கும். மூன்றரைக் கிலோ நீரை நெல்விலைக்கு வாங்க அரசு விரும்புவதில்லை. பெருமழையில் அறுவடை செய்த உழவருக்கோ அந்த நீரை உலர்த்த வெயிலும் இல்லை, களமும் இல்லை. மழையாண்டுகளில் வரம்பைத் தளர்த்தும்படி தமிழ்நாடு கேட்க, தில்லியிலிருந்து குழு வந்து நெல்லை எடுத்துப் பார்த்துச் செல்கிறது. ஆடவல்லான் மரக்கால் தஞ்சையில் இருந்தது. நெல்லை விளைத்தவன் இரண்டு நாள் வண்டியோட்டி அங்கு வந்து சேர முடிந்தது. இன்றைய அளவுகோலைப் பிடித்திருக்கும் நகரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஈர வரம்பைப் பருவத்துக்கும் மழைக்கும் ஏற்பப் படுகையிலேயே முடிவு செய்யும் உரிமை வேண்டும் என்பதை அளவையியலின் நெறியாகவே சொல்கிறேன். அளப்பவர் அளக்கப்படும் பொருளுக்கு அருகில் இருக்க வேண்டும்.

இனி வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். படுகையின் வயல்களில் வரப்பு வெட்டும்போதும் குளம் தூர்வாரும்போதும் பழங்காசுகள் இன்றும் கிடைக்கின்றன. பலர் பச்சை படிந்த செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். அப்பச்சைப் படிவத்தோடு எழுத்தும் தேய்ந்து போகிறது. பொற்காசாயின் உருக்கிவிடுகிறார்கள், அதன் எடையும் மாற்றும் முத்திரையும் ஒருசேர அழிகின்றன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ வாயால் சொன்னால் மட்டும் போதாது; ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காசைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், உருக்காதீர்கள். எந்த ஊர், எந்த வயல், எத்தனை அடி ஆழம், உடன் என்னென்ன கிடைத்தன என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்தே ஒப்படையுங்கள்.